பாலாற்றுப் பாலம் தாண்டி ஓர் இரவு

பாலாறு என்றதும் வேலூர்க்காரருக்கும் காஞ்சிபுரத்துக்காரருக்கும் நினைவில் வருவது மணல் விரிந்து கிடக்கும் அந்தப் பெரிய ஆறு. நான் போனது இன்னொரு பாலாற்றுக்கு. மேட்டூர் அணையின் மேற்குக் கரையோரமாகக் கொளத்தூர், கோவிந்தப்பாடி வழியே போனால், மலைக்காட்டிலிருந்து இறங்கிக் காவிரியில் சேரும் சிற்றாறு ஒன்று குறுக்கே வரும். இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகம். பழைய மைசூர் மாவட்டத்தின் விளிம்பு இது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமான பிறகு அதன் எல்லையாகிவிட்டது. ஒரு பாலம், சோதனைச் சாவடிகள், சில கடைகள், கரையில் கவிழ்த்துப் போட்ட பரிசல்கள். கண்ணுக்குத் தெரியும் பாலாறு இவ்வளவுதான்.

பாலத்தைத் தாண்டினால் ஒரு சாலை மாதேஸ்வரன் மலைக்கு ஏறுகிறது. இன்னொன்று காவிரிப் பக்கமாகப் பிரிந்து காட்டுக்குள் கோபிநத்தத்துக்குப் போகிறது. சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் பிறந்த ஊர். ஒரு காலத்தில் பகலிலேயே யாரும் போகத் துணியாத அந்த ஊரில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் ‘மிஸ்டரி டிரெயில்ஸ்’ என்ற பெயரில் முகாம் அமைத்துப் பயணிகளைத் தங்கவைக்கத் தொடங்கியது. அங்கே ஓர் இரவு தங்கத்தான் நான் போனேன். 2023-ல் வீரப்பனைப் பற்றி இரண்டு ஆவணத் தொடர்கள் வந்தன. அதன்பிறகு இந்தக் காட்டைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ராத்திரியில் அங்கே ஆவி நடமாட்டமாமே, உண்மையா? இத்தனை பேர் செத்த இடத்தை ஆவிக்கதையாகச் சொல்லத் தொடங்கிவிட்டோமோ என்ற கவலை அந்தக் கேள்வியால்தான் எனக்கு வந்தது. செத்தவர்கள் யார், எப்படிச் செத்தார்கள், மிஞ்சியவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அந்த மண்ணில் நின்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

மேட்டூரில் வாடகைக்கார் எடுத்தேன். ஓட்டுநர் கொளத்தூர்ப் பக்கத்துப் பையன். கொளத்தூர்ச் சாலையில் மூலக்காடு வந்ததும் வண்டியை மெதுவாக்கி, “சமாதியப் பாக்கறீங்களாண்ணா?” என்றார். 2004 அக்டோபர் 18 இரவு தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்ட வீரப்பனைப் புதைத்த இடம் அங்கேதான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதரைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது, படமெடுத்தாகிவிட்டது. அவர் கையால் செத்தவர்களும், அவர் பெயரைச் சொல்லி வதைக்கப்பட்டவர்களும் எனக்கு முக்கியமாகப் பட்டார்கள்.

பாலாற்றுச் சாவடியில் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டார்கள். கோபிநத்தத்துக்குத் திரும்பாமல் முதலில் மலைச் சாலையில் கொஞ்ச தூரம் போகச் சொன்னேன். இருபுறமும் முள்ளும் மூங்கிலும் கலந்த வறண்ட காடு. சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் மேடு. மேட்டில் ஒருவன் உட்கார்ந்திருந்தால் கீழே வரும் வண்டிகள் அத்தனையும் அவன் பார்வையில்தான் வரும். ஒரு வளைவில் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார்.

“இங்கதாங்கண்ணா. நான் அப்பப் பொறக்கவே இல்ல. ஆனா எந்த வளைவுன்னு கேட்டா இந்த ரோட்டுல ஓட்டற எல்லாத்துக்கும் தெரியும்.”

1993 ஏப்ரல் 9. அன்று புனித வெள்ளி. ‘ராம்போ’ என்று பெயரெடுத்த தமிழகக் காவல் அதிகாரி கோபாலகிருஷ்ணனைத் தகாத வார்த்தைகளால் திட்டி, வீரப்பன் ஆட்கள் கொளத்தூரில் தட்டி கட்டி வைத்தார்கள். அவரைக் காட்டுக்குள் இழுப்பதற்கான தூண்டில் அது. அவர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். பாலாற்றுப் பக்கம் வந்தபோது ஜீப் பழுதாகிவிட, கிடைத்த வேறு வண்டிகளில் ஏறிக்கொண்டார்கள். முன்னால் போன வண்டியின் படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். சாலையில் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகள் வெடித்தன. 22 பேர் செத்தார்கள். கோபாலகிருஷ்ணன் தூக்கி வீசப்பட்டு, பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தார்.

அந்த 22 பேர் யார் என்பதில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. சிலர் காவலர்கள், சிலர் வனக்காவலர்கள். பெரும்பான்மையோர் சீருடை போடாதவர்கள். காட்டு வழி தெரியும், ஆட்களை அடையாளம் காட்டுவார்கள் என்று துப்புக்காக அழைத்துவரப்பட்ட சாதாரண ஊர்க்காரர்கள். அந்த நாட்களில் இந்தப் பக்கத்துக் கிராமத்தான் ஒருவனுக்கு இரண்டு பக்கமும் சாவு நின்றது. போலீசுக்குச் சொன்னால் காட்டிலிருந்து வருவார்கள். சொல்லாவிட்டால் முகாமிலிருந்து ஜீப் வரும். விருப்பப்பட்டு வந்தவர் எத்தனை பேர், வேறு வழியில்லாமல் வண்டியில் ஏறியவர் எத்தனை பேர் என்பதை இனி யாரிடம் கேட்பது? பாலாறு குண்டுவெடிப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அதிகாரியின் பெயர் வருகிறது, வீரப்பன் பெயர் வருகிறது. இவர்கள் பெரும்பாலும் மொத்தத் தொகையாகத்தான் வருகிறார்கள்.

சாலையில் இறங்கி நின்றேன். தார் ஒழுங்காகப் போட்டிருக்கிறது. மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பேருந்து ஒன்று திணறிக்கொண்டு ஏறியது. ஜன்னலோரம் மஞ்சள் பூசிய முகங்கள், மடியில் தேங்காய்ப் பை. புலிமேல் ஏறி வரும் மாதேஸ்வரனுக்குச் சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வழியில்தான் வேண்டுதலோடு போகின்றன. வெடி வெடித்த பிறகும் அந்தப் போக்குவரத்து விட்டுப்போகவில்லை. ஓட்டுநர் ஹாரனை அழுத்தி யானை எதுவும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, “கெளம்பலாங்கண்ணா, இங்க ரொம்ப நேரம் நிக்கக் கூடாது” என்றார்.

இந்த வளைவில் தொடங்கிய வழக்கு போன தூரம் மிக நீளம். நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடித்து மைசூர் சிறையில் அடைத்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. பெரும்பாலோர் குற்றம் நிரூபிக்கப்படாமல் 2001-ல் வெளியே வந்தபோது பல ஆண்டுகள் உள்ளே கழிந்திருந்தன. பாலாறு வழக்கில் நால்வருக்கு ஆயுள் தண்டனை என்றது மைசூர் தடா நீதிமன்றம். மேல்முறையீட்டுக்குப் போன இடத்தில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்குத் தண்டனையாகக் கூட்டியது. 2013 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் கருணை மனுவை நிராகரித்தார். பெலகாவி ஹிண்டல்கா சிறையில் கயிற்றுக்காகக் காத்திருந்தார்கள். கருணை மனுவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டதே ஒரு கொடுமை என்று சொல்லி, 2014 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் இவர்கள் உள்பட 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. இந்தியச் சட்டக் கல்லூரிகளில் இன்று படிக்கிற தீர்ப்பு அது. அதன் ஒரு வேர் இந்தத் தார்ச் சாலைக்கு அடியில் இருக்கிறது.

தடாச் சிறைவாசிகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2000 ஜூலையில் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன், அவர்களை விடுவிக்க வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தான். அரசுகள் இணங்கத் தயாராயின. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் ஒரு தகப்பன். 1992 ஆகஸ்ட் 14 அன்று மீண்யம் அருகே எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்ட உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவின் தந்தை. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் அதே சிறையில் குற்றமற்ற கிராமத்தார் பலரும் இருந்தார்கள். அந்தத் தகப்பனின் துக்கமும் நியாயம், உள்ளே கிடந்தவர்களின் துக்கமும் நியாயம். இந்தக் காட்டில் எதைத் தொட்டாலும் இப்படி இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கின்றன.

வந்த வழியே திரும்பி, பாலாற்றிலிருந்து கோபிநத்தம் சாலையைப் பிடித்தோம். காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் போகிற வழி. மரங்களின் இடைவெளியில் அவ்வப்போது ஆறு தெரிகிறது. ஊருக்குள் நுழைந்ததும் காதில் விழுவது தமிழ். பெயர்ப்பலகைகள் கன்னடத்தில், பேச்சு தமிழில். சோளமும் ராகியும் விளையும் சின்ன வயல்கள், ஆட்டுப்பட்டிகள், அப்பால் ஓர் ஏரி. காட்டோரம் இருக்கும் எத்தனையோ கிராமங்களில் ஒன்றுதான் இதுவும். ஒருவனுடைய பெயரால் இந்த ஊர்க்காரர்கள் மைசூரிலும் பெங்களூரிலும் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கிய காலம் உண்டு என்று டீக்கடையில் ஒரு அம்மா சொன்னார். “இப்ப எங்கூருன்னா போட்டோ எடுக்க வர்றாங்க, கண்ணு” என்றவர், அதைப் பெருமையாகச் சொன்னாரா, அலுப்பாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

மாலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். இந்தப் பயணத்தில் நான் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று நினைத்த ஒரே இடம் அதுதான். அதைக் கட்ட முன்னின்றவர் ஒரு வன அதிகாரி. பி. சீனிவாஸ், ஆந்திரத்தின் ராஜமுந்திரிக்காரர், இந்திய வனப்பணியில் வந்தவர். வீரப்பனைப் பிடிக்க நியமிக்கப்பட்ட அவர் துப்பாக்கியை மட்டும் நம்பவில்லை. இந்த ஊருக்கே வந்து தங்கினார். மருந்துக்கும் தண்ணீருக்கும் வழி செய்தார். ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுத்தார். ஊரார் ஆசைப்பட்ட கோயிலுக்குத் தன் கைக்காசையும் போட்டார். வீரப்பனின் கூட்டத்திலிருந்தவர்கள் சிலர் அவர் பேச்சைக் கேட்டுச் சரணடைந்தார்கள். ஊர் மெல்ல அவர் பக்கம் சாய்வதை வீரப்பனால் பொறுக்க முடியவில்லை. தானும் சரணடையத் தயார் என்று சொல்லியனுப்பி அவரை வரவழைத்தான். ஆயுதமில்லாமல் காட்டுக்குள் நடந்து போனார். 1991 நவம்பர் 10 அன்று அவரைச் சுட்டு, தலையையும் வெட்டினார்கள். மறு ஆண்டு அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது.

அவர் படத்தையும் இந்த ஊரார் சாமியோடு சேர்த்துக் கும்பிடுகிறார்கள். நம் நாட்டுப்புறத்தில் அநியாயமாகச் செத்தவர் சாமியாவது புதிதல்ல. மதுரைவீரனும் காத்தவராயனும் அப்படி வந்தவர்கள்தாம். ஆனால் கண்முன்னே, நம் காலத்தில், அரசாங்க ஜீப்பில் வந்த ஓர் அதிகாரி ஓர் ஊரின் கும்பிடுக்கு உரியவராவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குங்குமம் வைத்த கோயில் வாசலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கோயிலைச் சுற்றித் துரத்திப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி ஓடிவந்த வேகத்தில் நின்று, ஒரு கையால் செருப்பைக் கழற்றிக்கொண்டே மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி ஓடினாள்.

முகாமில் அன்றிரவு பெங்களூரிலிருந்து வந்த இளைஞர்கள் சிலரும் தங்கியிருந்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லாரும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சில்வண்டுச் சத்தம் காதை அடைத்தது. ஏரிப் பக்கம் ஏதோ மரக்கிளை முறிகிற ஓசை வந்ததும் பேச்சு நின்றுபோனது. யானையாக இருக்கும் என்றார் வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பெரியவர். இளைஞர்களில் ஒருவன் அந்தக் கேள்வியைக் கேட்டான், “ஐயா, இங்க பேய் இருக்காமே?”

பெரியவர் கோபப்படவில்லை. “பேய் எதுக்குங்க தம்பி? செத்தவங்களோட பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் இங்கயேதான இருக்காங்க. அவங்கள வேணா போய்ப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வேலியோரம் ஒரு சுற்றுப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் போன பிறகு, பேயை வைத்தே பேர்பெற்ற வேறோர் இடம் என் நினைவுக்கு வந்தது. ஆவி உலவும் இடம் என்று பெயர் வாங்கிய தங்கும் விடுதிகளில் உலகிலேயே பெரியது கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் நிற்கும் குயின் மேரி கப்பலாக இருக்கும். ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரையில் கட்டி 1936-ல் கடலில் ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பல். நீளம் ஆயிரம் அடிக்கும் மேல். போர்க்காலத்தில் சாம்பல் வண்ணம் பூசிப் படைவீரர்களை ஏற்றிச் சென்றது. 1967-ல் ஓய்வுபெற்று லாங் பீச் போய்ச் சேர்ந்தது, 1972-ல் ஓட்டலானது. ஆள் தங்காத அறை ஒன்று, வற்றிப்போன நீச்சல் குளம், எந்திர அறைப் பக்கத்துக் கதவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆவிக்கதை. பணம் கட்டி, இரவில் விளக்கை அணைத்துக்கொண்டு அவற்றைச் சுற்றிப் பார்க்கலாம்.

அந்தக் கதைகளில் ஒன்று கப்பலின் முன்பகுதியில் கேட்பதாகச் சொல்லப்படும் அலறல். அதன் பின்னால் இருப்பது மெய்யாக நடந்தது. 1942 அக்டோபர் 2 அன்று அயர்லாந்துக்கு அருகே, தனக்குக் காவலாக வந்த குராசோவா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மீதே குயின் மேரி மோதி அதை இரண்டாகப் பிளந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து நிற்காமல் போக வேண்டும் என்பது கட்டளை. கடலில் தத்தளித்தவர்களை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். போர் முடியும்வரை அந்தச் செய்தியே வெளியே வரவில்லை. பிறகு வழக்கு நடந்து, 1949-ல் பழியில் மூன்றில் இரண்டு பங்கு கடற்படை மீதும் ஒரு பங்கு கப்பல் நிறுவனத்தின் மீதும் என்று பிரிட்டனின் உச்ச நீதி அமர்வு தீர்ப்பளித்தது. நிற்காதே என்று சொன்னது யார், வழியை விட்டு விலக வேண்டியது யார் என்பவைதான் உண்மையில் நெஞ்சை அறுக்கும் கேள்விகள். அலறல் கதையில் இவை எதற்கும் இடமில்லை. பேயை நம்புகிறவர் பயந்துவிட்டுப் போவார், நம்பாதவர் சிரித்துவிட்டுப் போவார். யார் பொறுப்பு என்று கேட்பவர் யாரும் மிஞ்சமாட்டார்கள். கோபிநத்தத்திலும் பாலாற்றிலும் அதுவே நடந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு அந்த இரவில் தோன்றியது.

ஏனென்றால் இங்கே பொறுப்புக் கேள்வி இன்னும் முடியவில்லை. வீரப்பன் கொன்றவர்களின் கணக்கு ஒரு பக்கம். அவனைத் தேடிய படை செய்ததன் கணக்கு இன்னொரு பக்கம். மாதேஸ்வரன் மலையில் ‘ஒர்க் ஷாப்’ என்றே பேர்பெற்ற ஓர் இடம் இருந்தது. மின்சாரம் பாய்ச்சியதையும் தலைகீழாகத் தொங்கவிட்டதையும் பெண்களுக்கு நேர்ந்ததையும் கிராமத்தார் விசாரணையில் நேரடியாகச் சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. 2007-ல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு இடைக்கால நிவாரணமாக 2 கோடியே 80 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அந்தப் பணத்துக்காக அலைந்த குடும்பங்களை இந்த எல்லைக் கிராமங்களில் இன்றும் பார்க்கலாம். சீனிவாஸ் படத்துக்கு முன் கைகூப்புகிறவரும், சீருடையைக் கண்டால் இன்றும் உடல் நடுங்குகிறவரும் ஒரே தெருக்காரராக இருக்க முடியும். இந்த ஊரின் மர்மம் என்று ஏதாவது இருந்தால் எனக்கு அது இதுதான்.

விடிந்ததும் பாலாற்றுக்குத் திரும்பி வந்து கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஒருவர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, மேலே சாக்கை இழுத்துக் கட்டி, தார் பூசிய பழைய பரிசல். ஓட்டை விழுந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்து, உருக்கிய தாரைக் குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தார். தார் இறுகும்வரை பேசிக்கொண்டிருந்தோம். மீன் பாடு எப்படி என்று கேட்டேன். தண்ணியைப் பொறுத்ததுங்க என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போவீர்களா என்று கேட்டதும் பேச்சு குறைந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் இதே பாலாற்றில் கோவிந்தப்பாடிக்காரர் ஒருவர் குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தார். வேட்டைக்கு வந்தவர்கள் மீது சுட்டோம் என்றது கர்நாடக வனத்துறை. மீன் பிடிக்கப் போனவரைச் சுட்டுவிட்டார்கள் என்றது குடும்பம். எல்லையில் பேருந்துகள் நின்றுபோயின. வீரப்பன் செத்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு சொல். காட்டுச் சாலையில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டாதீர்கள், யானைகள் நடமாட்டம் அதிகம். சாவடியில் கேட்டு, நேரம் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். கோபிநத்தத்தில் தங்கினால் சவாரிக்கும் நடைக்கும் ஒதுக்குகிற நேரத்தில் ஒரு மணியை மாரியம்மன் கோயிலுக்கு ஒதுக்குங்கள். வழிகாட்டிகளிடம் வீரப்பன் எங்கே ஒளிந்தான் என்று மட்டும் கேட்காமல், அந்த வண்டியில் இருந்த 22 பேரைப் பற்றியும், சிறைக்குப் போய் வந்தவர்களைப் பற்றியும் கேளுங்கள். நான் கேட்டபோது அந்தப் பெரியவர் தன் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மணி பதினொன்றைத் தாண்டியும் ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.